பழக்கிய கை

முத்துப்பேச்சி தன் புருஷனின் முதுகுக்கடியில் கையைக் கொடுத்து, வலது தோள்பட்டை எலும்புக்குக் கீழே உள்ளங்கையை விரித்து வைத்துக் காத்துக்கொண்டிருந்தாள். இன்னொரு கை அவன் இடுப்பில் இருந்தது. தினமும் விடிந்ததும் இப்படித்தான். கையை வைத்துவிட்டுச் செத்த நேரம் சும்மா இருந்தால் போதும்; நல்லுசாமியின் உடம்பு அதுவாக ஒரு யோசனை பண்ணி, மெல்ல அவள் பக்கமாகச் சரிந்து, எழுந்து உட்காரும். இன்றைக்கு யோசனை கொஞ்சம் நீண்டது.

எவ்வளவு நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள் என்பதில் தெருவுக்குள் இரண்டு கட்சி உண்டு. பால்காரன் போனதிலிருந்து மண்டியில் வெங்காய ஏலம் கூவ ஆரம்பித்தது வரைக்கும் என்பது ஒரு கட்சி. அவ்வளவு நேரம் எந்தப் பொம்பளையாலும் அசையாமல் இருக்க முடியாது என்பது இன்னொரு கட்சி. இரண்டு கட்சிக்கும் சாட்சி ஒச்சம்மாள் ஒருத்திதான். கேட்கிற ஆளுக்குத் தகுந்த மாதிரி அவள் மாற்றி மாற்றிச் சொன்னாள்.

ஒச்சம்மாளுக்கு அடுத்த வீடு. நடுவில் ஒரு சுவர்தான். புருஷன் போய் இருபது வருஷம் ஆகிறது. ஒரு நாளைக்கு மூன்று தடவையாவது ஏதேனும் ஒரு சாக்கோடு முத்துப்பேச்சி வீட்டுக்குள் வராவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. அன்றைக்கு அடுப்புப் பற்றவைக்க நெருப்பு வேண்டுமென்று கொட்டாங்கச்சியோடு வந்தாள். அவள் வீட்டு அடுப்பு அந்த நேரத்தில் திகுதிகுவென்று எரிந்துகொண்டிருந்தது என்பது வேறு விஷயம்.

“ஏத்தா பேச்சி, ரெண்டு கங்கு இருந்தா...”

வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். எத்தனையோ சாவு பார்த்த கண். கிட்டே போக வேண்டிய அவசியம் இல்லை.

“அடியே, கைய எடு.”

“செத்த இருங்கக்கா. இப்ப எந்திரிச்சிருவாக.”

“எங்கிட்டுடி எந்திரிக்கிறது? போயிட்டான்டி.”

முத்துப்பேச்சி கையை எடுக்கவில்லை. உள்ளங்கைக்கு அடியில் முதுகு இன்னும் வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. ஆனால் தொட்டவுடன் உள்ளே ஒரு சின்ன அசைவு வருமே, தூங்குகிற மாடு பேர் சொன்னால் காதை ஆட்டுகிற மாதிரி, அது வரவில்லை. அது வராது என்பது ஒச்சம்மாள் வருவதற்கு வெகு முன்னாலேயே அவள் கைக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தபிறகும் காத்திருந்தாள். மூன்று வருஷமாக அந்த உடம்பை அவள் அவசரப்படுத்தியதில்லை.

முதல் ஒப்பாரி ஒச்சம்மாளுடையது. தெரு திரண்டது.

நல்லுசாமி வெங்காய மண்டியில் சுமை தூக்குகிறவன். இரண்டு பேர் பிடித்து ஏற்றுகிற மூட்டையை ஒற்றை ஆளாக, ஒரே இழுப்பில் முதுகில் வாங்கிக்கொள்வான். அவனுடைய அண்ணன் சடையாண்டி சுமைக்காரர்களுக்கு மேஸ்திரி. அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் உலகத்தில் உள்ள அத்தனை சாமானுக்கும் ஒரே வழிதான் தெரியும்: பிடி, இழு, தூக்கு.

வீட்டிலும் அந்தக் கை சும்மா இருக்கவில்லை. வலது கை. கல்யாணமாகி வருஷம் பதினேழு, பிள்ளை கிடையாது, குழம்பில் ஒருநாள் உப்புக் கூடும், ஒருநாள் குறையும், கை மட்டும் தவறாமல் வரும். நடுவில் ஒரு சுவர்தான் என்பதால் ஒச்சம்மாளுக்குக் கேட்கும். ஒச்சம்மாளுக்குக் கேட்டால் தெருவுக்குக் கேட்ட மாதிரி. கேட்டது என்றால், காதால் கேட்டதோடு சரி. மறுநாள் காலையில் ஏதாவது இரவல் கேட்க வருகிற சாக்கில் அவள் கன்னத்தைப் பார்ப்பாள்.

“கதவுல இடிச்சுக்கிட்டியாத்தா?”

“ஆமாக்கா.”

அந்த வீட்டுக் கதவைப்போலப் பொல்லாத கதவு திண்டுக்கல்லிலேயே கிடையாது.

அறுபத்தொன்றாம் வருஷம் தை மாதம், வண்டியிலிருந்து மூட்டை இறக்கும்போது நல்லுசாமி மூட்டையோடு விழுந்தான். வலது கை, வலது கால், பேச்சு, மூன்றும் ஒரே நேரத்தில் போயின. பேச்சில் ஒரு சொல் மட்டும் மிஞ்சியது: “ஏலே.” பசித்தாலும் ஏலே, வெளிக்கு வந்தாலும் ஏலே. பெண்டாட்டியும் ஏலே, ஆஸ்பத்திரியில் கன்னியாஸ்திரீயம்மாவும் ஏலே. பார்க்க வந்த மண்டி முதலாளியையும் படுத்தபடியே, “ஏலே” என்றான். இத்தனை வருஷமாக மனதுக்குள் கூப்பிட்டதை இன்றைக்குத்தான் வாய்விட்டுக் கூப்பிட்டிருக்கிறான் என்று மண்டியில் சிரித்தார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து ஒற்றை மாட்டு வண்டியில் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். “என் தம்பிய எவனும் தொடக்கூடாது, நானே எறக்குறேன்” என்று சடையாண்டி வந்தான். பாசம் இல்லாதவன் என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஆனால் எப்படி இறக்குவான்? மூட்டையை இறக்குகிற மாதிரித்தான். விளங்காமல் தொங்கிய வலது கையைப் பிடித்து ஒரே இழுப்பு. தோளுக்குள் ஏதோ நழுவிய சத்தம் வண்டிக்குப் பின்னால் நின்றவர்களுக்குக்கூடக் கேட்டது. நல்லுசாமி போட்ட ‘ஏலே’யில் வண்டி மாடு மிரண்டு மூக்கணாங்கயிற்றை அறுக்கப் பார்த்தது.

கட்டிலில் போட்டுவிட்டு எல்லாரும் போனபின், முத்துப்பேச்சி அவன் காதருகே குனிந்தாள்.

“இனிமே இந்தக் கைய ஒருத்தரையும் இழுக்க விடமாட்டேன். என் மேல ஆணை.”

ஏன் சொன்னாள் என்று அவளுக்கே விளங்கவில்லை. அடி வாங்கிய முகம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். அதைக் கண்ணாடியில் நிறையத் தடவை பார்த்திருக்கிறாள். அன்றைக்கு அந்த முகம் கட்டிலில் கிடந்தது. அவ்வளவுதான்.

அதற்குப்பிறகு யார் பக்கத்தில் வந்தாலும் நல்லுசாமியின் உடம்பு விறகுக்கட்டை மாதிரி இறுகிக்கொண்டது. புரட்ட முடியவில்லை, உட்கார வைக்க முடியவில்லை. முதுகில் புண் கண்டது. தெரு தனக்குத் தெரிந்த வைத்தியத்தையெல்லாம் சொன்னது. நொச்சி இலை ஒத்தடம் ஆயிற்று. புறா ரத்தம் தேய்த்தால் வாதம் இறங்கும் என்றாள் ஒச்சம்மாள். ஐந்து புறா தேய்த்தார்கள். வாதம் இருந்த இடத்திலேயே இருந்தது. தெருவில் புறாதான் இல்லாமல் போயிற்று.

கடைசியில் முத்துப்பேச்சி புண்ணுக்கு மருந்து வாங்க ஆஸ்பத்திரிக்குப் போனாள். அங்கே ஆனந்தமேரி என்று ஒரு ஆயா இருந்தாள். கட்டை குட்டையான உருவம், வெற்றிலை வாய். மருந்தைக் கையில் கொடுத்துவிட்டு, “புண்ணுக்கு மருந்து போட்டா ஆச்சா? பெரட்டிப் போடுறியா இல்லியா?” என்று கேட்டாள்.

“தொட்டாலே கட்டையாட்டம் ஆயிருறாகம்மா. அம்புட்டு பலத்தையும் போட்டு இழுத்தாலும் வரமாட்டேங்குறாக.”

“நீ எப்பிடி இழுக்குற? என்னையத் தூக்கிக் காட்டு.”

ஆயா ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தாள். முத்துப்பேச்சி கூச்சப்பட்டுக்கொண்டே அக்குளில் கையைக் கொடுத்து இழுத்தாள். ஆயா அசையவில்லை.

“இன்னும் நல்லா இழு.”

இழுத்தாள்.

“பாத்தியா? நீ இழுக்க இழுக்க நான் இறுகிக்கிட்டுத்தான் இருப்பேன். எனக்கே இப்பிடின்னா, ஒரு தடவை இழுபட்டுப் பயந்துபோன ஒடம்பு என்னா செய்யும்? எந்திரி. இப்ப நீ உக்காரு.”

உட்கார்ந்தாள். ஆயா அவள் பின்னால் வந்து நின்று, ஒரு கையைத் தோள்பட்டை எலும்புக்குக் கீழேயும் இன்னொரு கையை இடுப்பிலும் வைத்தாள். அழுத்தவில்லை. முத்துப்பேச்சி தாடிக்கொம்புப் பக்கம் பூக்காட்டில் வளர்ந்தவள். மொக்கு நசுங்காமல் மல்லிகை எடுக்கிற விரல் எப்படி இருக்கும் என்று தெரியும். அந்த மாதிரி இருந்தது.

“எங்கிட்டுப் போகணும்னு கை சொல்லும். நீ ஒண்ணும் செய்யாத. மூச்ச விடு.”

சும்மா இருந்தாள். முதலில் முதுகு விறைத்தது. கை எடுபடவுமில்லை, நெருக்கவுமில்லை. வைத்த இடத்தில் காத்திருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக உடம்பு முன்னால் சரிந்தது, பாரம் காலுக்கு இறங்கியது. எப்போது எழுந்தாள் என்று தெரியவில்லை, பார்த்தால் நின்றுகொண்டிருந்தாள்.

கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. முப்பத்தைந்து வயது வரைக்கும் அவள்மேல் பட்ட கைகளில் ஒன்றாவது, பட்டபின் காத்திருந்ததில்லை.

ஏன் அழுகிறாய் என்று ஆனந்தமேரி கேட்கவில்லை. வெற்றிலையை ஓரம் ஒதுக்கிக்கொண்டு, “இன்னொரு தடவை உக்காரு. நல்லா கத்துக்கிட்டுப் போ” என்றாள்.

மூன்று வாரம் தினமும் போனாள். இந்தப் போக்குவரத்துக்குத் தெரு என்னென்னவோ காரணம் கட்டியது. கிறிஸ்தவ வேதத்தில் சேரப் போகிறாள் என்றது. வீட்டுக்கு வந்தால், புருஷன் முதுகில் கையை வைத்துக்கொண்டு பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருப்பாள். “என்னடி இது, கறக்குறதுக்கு முந்தி மடியத் தடவுற மாதிரி?” என்றாள் ஒச்சம்மாள். மந்திரிக்கிறாள் என்றார்கள் சிலர். புருஷன் படுத்தபிறகுதான் அவளுக்குக் கொஞ்சிக் குலாவ நேரம் கிடைத்தது என்று இன்னும் சிலர், குழாயடியில்.

முதல் பத்து நாள் ஒன்றும் நடக்கவில்லை. நல்லுசாமி கண்ணை உருட்டிக்கொண்டு இறுகிக் கிடந்தான். பதினோராம் நாள், கை வைத்த இடத்தில் தோல் ஒருதரம் தளர்ந்தது. அவளும் அவசரப்படவில்லை. ஆனி மாதம் ஒருக்களித்தான். ஆடி கழிந்து உட்கார்ந்தான். அடுத்த வருஷம் பொங்கலுக்கு, அவள் கை இடுப்பில் இருக்க, வலது காலைப் பக்கவாட்டில் வீசி வீசி வாசல்வரை நடந்தான். அந்த நடையை அவனுக்கு யாரும் வாயால் சொல்லிக் கொடுக்கவில்லை. இடது பக்கம் பாரம் மாற்ற வேண்டுமானால் அவள் சுண்டுவிரல் பக்கம் லேசாக அழுந்தும். வலது கால் எடுக்க வேண்டுமானால் கட்டைவிரல் பக்கம். அவ்வளவுதான் பாடம். தெரு வாயைப் பிளந்தது. புறா ரத்தம் தாமதமாகத்தான் வேலை செய்யும் என்றாள் ஒச்சம்மாள்.

கைதான் கடைசியில் வந்தது. முழங்கையில் மடங்கி, நெஞ்சோடு ஒட்டி, விரல்கள் உள்ளங்கைக்குள் பூட்டிக்கொண்ட கை. தினமும் வெந்நீரில் துணி நனைத்துச் சுற்றுவாள். தோளுக்கடியில் ஒரு கை, முழங்கைக்கடியில் ஒரு கை. காத்திருப்பாள். ஒரு நாளைக்கு ஒரு நெல்லளவு நீளும்.

ஒருநாள் அப்படி அவள் குனிந்திருந்தபோது அந்தக் கை தானாக மேலே எழுந்து அவள் முகத்துக்கு நேராக வந்தது. முத்துப்பேச்சி கண்ணை இறுக மூடிக்கொண்டு தலையை ஒதுக்கினாள். பதினேழு வருஷப் பழக்கம். ஒன்றும் விழவில்லை. கண்ணைத் திறந்தாள். கை அந்தரத்தில், நடுங்கிக்கொண்டு, நின்ற இடத்திலேயே நின்றிருந்தது. அவள் தலை நிமிரும்வரை நின்றது. அப்புறம் மெல்ல இறங்கி அவள் தோளில் உட்கார்ந்தது.

“ஏலே” என்றான் நல்லுசாமி, சத்தமே இல்லாமல்.

இது ஒச்சம்மாளுக்குத் தெரியாது. சுவர் வழியாகச் சத்தம்தான் வரும்.

சாவு விழுந்த அன்றைக்கு மதியத்துக்குள் வாசலில் பந்தல் போட்டாயிற்று. சடையாண்டி மண்டி ஆட்களோடு வந்து சேர்ந்தான். தம்பியின் காலைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதான். அப்புறம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மேஸ்திரி ஆகிவிட்டான். மூங்கிலுக்கு ஆள் போயிற்று, கொட்டுக்கு ஆள் போயிற்று. முத்துப்பேச்சியைச் சுவரோரம் தலைவிரி கோலமாக உட்காரவைத்து, இரண்டு பக்கமும் பெண்கள் கட்டிக்கொண்டார்கள். அவளுக்கு அழுகை வரவில்லை. அதையும் குறித்துக்கொண்டார்கள்.

மூன்று மணி சுமாருக்குப் பிணத்தைக் குளிப்பாட்ட நீர்மாலை வந்தது. பந்தலுக்குள் வேட்டியை மறைப்பாகப் பிடித்து, நல்லுசாமியை மர நாற்காலியில் உட்காரவைத்துக் குளிப்பாட்டினார்கள். அதுவரைக்கும் சரியாகத்தான் நடந்தது. கோடித்துணி உடுத்தப் போனபோதுதான் கை வழிமறித்தது. காலையிலிருந்து விறைத்திருந்த உடம்பு. ஏற்கெனவே மடங்கிப் பழகிய கை. முழங்கை வெளியே துருத்திக்கொண்டு நின்றது.

“பாடையில இடிக்கும் மேஸ்திரி” என்றான் மூக்கையா. சடையாண்டிக்கு வலக்கை மாதிரி இருக்கிற சுமைக்காரன். “மூங்கி அகலத்துக்கு அடங்காது.”

“நீட்டி விட்டாப் போச்சு” என்றான் சடையாண்டி. “நீ தோள அமுக்கிப் பிடி. நான் மணிக்கட்டப் பிடிக்கிறேன். ஒரே இழுப்பு.”

சுவரோரம் உட்கார்ந்திருந்த முத்துப்பேச்சிக்கு மறைப்பு வேட்டிதான் தெரிந்தது. ஆனால் அந்த ‘ஒரே இழுப்பு’ காதில் விழுந்தது.

“இழுக்க வேணாம்னு சொல்லுங்கக்கா” என்றாள்.

ஒச்சம்மாள் அவள் முதுகைத் தட்டிக் கொடுத்தாள். “செத்தவனுக்கு வலிக்காதுடி ஆத்தா.”

“வேணாம்னு சொல்லுங்க.”

முத்துப்பேச்சிக்கு சடையாண்டி மூத்தார் முறை. புருஷனின் அண்ணன் முன்னால் தம்பி பெண்டாட்டி நிமிர்ந்து நிற்கக்கூடாது, நேருக்கு நேர் பேசக்கூடாது, அவர் நிழல்கூட மேலே படக்கூடாது. இருபது வருஷமாக அவர்கள் இருவருக்கும் இடையில் நடந்த பேச்செல்லாம் ஏதாவது ஒரு தூணிடமோ ஆட்டுக்குட்டியிடமோ சொல்லப்பட்டதுதான். ஒச்சம்மாள் வேறு வழியில்லாமல் குரல் கொடுத்தாள்.

“சடையாண்டி, கைய இழுக்க வேணாங்குறாப்பா.”

வேட்டிக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது. “அந்தப் பிள்ளைய வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்கச் சொல்லுங்க. பொழுது எறங்குது.”

முத்துப்பேச்சி எழுந்தாள். இரண்டு பக்கமும் கட்டியிருந்த கைகள் நழுவின. ஒச்சம்மாள் முந்தானையைப் பிடித்தாள்.

“எங்கடி போற? ஊரு சிரிக்கும். இம்புட்டு கரிசனம் எதுக்குடி அந்தக் கை மேல? அந்தக் கை ஒன்னைய என்ன பாடு படுத்துச்சு? எனக்குத் தெரியாதா? சொவத்துக்கு அங்கிட்டு நான்தானடி இருந்தேன்.”

கொட்டுக்காரர்கள்கூடக் கழுத்தைத் திருப்பினார்கள். இருபது வருஷமாகத் தெருவே கதவின்மேல் பழி போட்டுவந்த விஷயம், முதன்முதலாகச் சபையில் வந்து உட்கார்ந்துவிட்டது. சொன்னபிறகு ஒச்சம்மாளுக்கே வாயைப் பொத்திக்கொள்ளத் தோன்றியது.

“அது பழைய கைக்கா” என்றாள் முத்துப்பேச்சி. “இது நான் பழக்குனது.”

வேட்டியை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள். மறைப்புப் பிடித்திருந்த இரண்டு பேரும் பாம்பு நுழைந்த மாதிரி ஒதுங்கினார்கள். சடையாண்டி மணிக்கட்டைப் பிடித்தபடி நின்றான். அவளைப் பார்க்கவும் முடியாமல், பார்க்காமல் இருக்கவும் முடியாமல், நாற்காலிக் காலைப் பார்த்து, “இது என்ன பழக்கம்?” என்றான்.

அவள் தூணைத் தேடவில்லை. “விடுங்க” என்றாள்.

விட்டான்.

“வெந்நி வேணும்.”

“தண்ணிக்கே குழாயடியில தவங்கெடக்குறோம். செத்த பொணத்துக்கு வெந்நியா?” என்று யாரோ முனகினார்கள். அதற்குள் ஒச்சம்மாள் எழுந்து போய்விட்டாள். வெந்நீர் உடனே வந்தது. அவள் வீட்டு அடுப்புக் காலையிலிருந்தே எரிந்துகொண்டுதானே இருந்தது.

துணியை நனைத்துத் தோளைச் சுற்றிப் போட்டாள். முழங்கையைச் சுற்றி இன்னொன்று. முழங்கைக்கடியில் தன் கையைக் கொடுத்தாள். தோளுக்கு இன்னொரு கை வேண்டும். விறைத்த மணிக்கட்டையும் தாங்க வேண்டியிருந்ததால் அவள் கை போதவில்லை.

“கையக் குடுங்க” என்றாள்.

மூத்தாரின் கையை அவளே பிடித்தாள். பிடித்தாள் என்றால், மணிக்கட்டுக்கு அடியில் விரலைக் கொடுத்து ஏந்தினாள். மூட்டை ஊக்குக் குத்திக் குத்தித் தழும்பேறிய அந்தப் பெரிய கையைக் கொண்டுபோய், தம்பியின் தோள்பட்டை எலும்புக்குக் கீழே விரித்து வைத்தாள். வைத்து, அதன்மேல் தன் கையையும் ஒரு நிமிஷம் வைத்தாள்.

“அமுக்காதீக. தூக்காதீக. பாரத்த மட்டும் வாங்கிக்கிட்டு இருங்க.”

“எம்புட்டு நேரம்?”

“வர்ற வரைக்கும்.”

சடையாண்டியின் கை முதலில் பதறியது. சும்மா இருக்கிற வேலையை அந்தக் கைக்கு யாரும் கொடுத்ததில்லை. விரல்கள் தாமாக எதையோ பற்றிக்கொள்ளப் பார்த்தன. அவள் கை மேலே இருந்தது, அவை அடங்கின. நெற்றியிலிருந்து வேர்வை வழிந்து தம்பியின் தலையில் சொட்டியது.

கொஞ்ச நேரம் கழித்து சடையாண்டி கேட்டான். நாற்காலிக் காலையோ தூணையோ பார்த்துக் கேட்கவில்லை.

“அன்னைக்கு, வண்டியிலருந்து எறக்குனப்ப... ரொம்ப வலிச்சுச்சோ அவனுக்கு?”

“வலிச்சுச்சு” என்றாள். “இப்பக் கையக் கொஞ்சம் முன்னால விடுங்க. அதுவா வருது பாருங்க.”

வந்தது. ஒரு நெல்லளவு, அப்புறம் ஒரு விரல்கடை. இரண்டாம் முறை வெந்நீர்த்துணி மாற்றினார்கள். முழுசாக நீளவில்லை. உயிரோடு இருந்தபோது எவ்வளவு நீண்டதோ அவ்வளவுதான் நீண்டது. முழங்கை விலாவோடு அடங்கியது. அவள் அதைத் தொடையில் கொண்டுவந்து வைத்து, விரல்களை ஒவ்வொன்றாகத் திறந்து, உள்ளங்கையைத் துடைத்தாள். எழுந்து, ஒருவரையும் பார்க்காமல், சுவரோரம் தன் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

பாடைக்கு மாற்றும்போது சுமைக்காரர்கள் நாலு பேரும் கை கொடுத்தார்கள். மூட்டைக்குப் போடுகிற சத்தம் எவனும் போடவில்லை. மூக்கையாதான் பழக்கதோஷத்தில் தோளைப் பற்றப் போனான்.

“ஏலே, அடியில குடுடா” என்றான் சடையாண்டி. “செத்த இரு. ம். இப்ப.”

அந்த ‘ஏலே’யைக் கேட்டதும்தான் முத்துப்பேச்சிக்கு அழுகை வந்தது. சுவரில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். தெருவுக்கு அப்பாடா என்றிருந்தது.

கொட்டு முழங்கப் பாடை கிளம்பியது. மலைக்கோட்டையின் நிழல் மண்டித் தெருவுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. பாடை தெருமுனை திரும்பியதும் பெண்டாட்டியின் வளையலைக் கழிப்பது அங்கே வழக்கம். அதற்கென்று இருக்கிற ஆள் ஒச்சம்மாள்தான். அந்த வேலையில் அவளுக்கு நல்ல பேர். அழுகிறவள் கையைப் பறிக்கப் பார்ப்பதற்குள் வெடுக்கென்று மணிக்கட்டைப் பிடித்து, அம்மிக் கல்லில் ஒரே தட்டு. எத்தனை வளையல் இருந்தாலும் ஒரே தட்டு.

அம்மி அருகே முத்துப்பேச்சியைக் கொண்டுவந்து உட்காரவைத்தார்கள். அவள் இரண்டு கைகளையும் மடிக்குள் இறுக்கி, முழங்காலோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எதிரே ஒச்சம்மாள் உட்கார்ந்தாள்.

“கையக் குடுத்தா.”

கொடுக்கவில்லை.

“இழுத்து அடிங்க மதினி, பொழுதாகுது. வீடு கழுவணும்” என்றாள் பின்னாலிருந்து ஒருத்தி.

ஒச்சம்மாள் கையை நீட்டினாள். நீட்டிய கை பாதி வழியில் ஒருதரம் நின்றது. அப்புறம் முத்துப்பேச்சியின் மணிக்கட்டுக்கு அடியில் மெல்லப் போய், உள்ளங்கையை விரித்துக்கொண்டு, அங்கேயே இருந்தது.

“என்ன மதினி?”

“செத்த இருங்கடி.”

வாசலில் ஊற்றிய தண்ணீர் காய்ந்துகொண்டிருந்தது. கொட்டுச் சத்தம் தூரத்தில் தேய்ந்து, பேகம்பூர்ப் பக்கம் தோல் ஏற்றிப் போகிற வண்டிகளின் சத்தத்தோடு கலந்தது. முத்துப்பேச்சியின் கை மெதுவாக மடியிலிருந்து அவிழ்ந்து ஒச்சம்மாளின் கையில் வந்து இறங்கியது. ஒச்சம்மாள் அந்தக் கையின் விரல்களைக் குவித்து, கட்டைவிரல் அடியை லேசாக உள்ளே மடக்கி, வளையல்களை ஒவ்வொன்றாக நழுவவிட்டாள். வலது கையில் ஆறு. இடது கையில் ஆறு.

ஒன்றுகூட உடையவில்லை. பன்னிரண்டு கண்ணாடி வளையல்களையும், எங்கே வைப்பதென்று தெரியாமல், ஒச்சம்மாள் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.